ஏழாவது விதி

முதலில் கண்ணாடியைப் பற்றித்தான் கேட்டார்கள்.

ஓர் ஆள் செத்து மூன்று நாள் ஆகியிருந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து வந்த பாதுகாப்பு அதிகாரி மேலாளரின் நாற்காலியில் உட்கார்ந்து, மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது: "அலமாரிக் கண்ணாடிய எதால உடைச்சீங்க?" எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மடிக்கணினியையும் சேர்த்து உடைத்திருப்பேன். "முதல்ல கையால தட்டிப் பார்த்தேன், உடையல. அப்புறம் மணல் வாளியால" என்றேன். அவர் 'மணல் வாளி' என்று நிதானமாகத் தட்டச்சு செய்துகொண்டார்.

மரம் வெட்டும் முகாம் ஒன்றில் நான் நர்ஸ். முதலுதவி அறை என்று ஒன்று உண்டு. ஒரு கட்டில், ஒரு குழாய், ஒரு ஆக்சிஜன் சிலிண்டர், எடை பார்க்கும் கருவி, இழுத்தால் பாதியில் சிக்கிக்கொள்ளும் பச்சைத் திரை. அவ்வளவுதான். ஆஸ்பத்திரி கீழே இருக்கிறது. மண் பாதையில் ஜீப் மூன்று மணி நேரம் உருண்டு இறங்க வேண்டும். நான்கு குழுக்கள் நான்கு சரிவுகளில் வெட்டுவார்கள். யாருக்காவது அடிபட்டால் வயர்லெஸ்ஸில் கூப்பிடுவார்கள், நான் ஓட வேண்டும்.

ஓடும்போது கையில் எடுத்துக்கொள்ள ஓர் அவசரப் பை இருக்கிறது. நல்ல பை. ரத்தத்தை நிறுத்தும் இறுக்குப் பட்டை, காயத்தில் திணிக்கிற மருந்துத் துணி, சலைன், எல்லாம் உள்ளே உண்டு. அந்தப் பை எங்கே இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? என் அறையில் இல்லை, காட்டிலும் இல்லை. மேலாளர் அறையில், கண்ணாடி அலமாரிக்குள், பூட்டி, சிவப்பு முத்திரை குத்தி வைத்திருப்பார்கள். ஆய்வுக்கு வருபவர்கள் முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். உடையாமல் இருந்தால் முழு மதிப்பெண். ஆய்வுக்கு முந்தின நாள் அலமாரியை ஈரத்துணியால் துடைப்பார்கள். பையை யாரும் தொட மாட்டார்கள்.

ஒவ்வொரு குழுவோடும் ஒரு பை போக வேண்டும் என்று மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். மூன்றாவது முறை மேலாளர் என்னைக் கூப்பிட்டு, பாவம், தணிந்த குரலில்தான் சொன்னார்: "காட்டுக்குக் கொண்டுபோனா பை அழுக்காயிடும் சிஸ்டர்."

பையாவது பூட்டிக் கிடந்தது. அந்தப் போஸ்டர் பட்டவர்த்தனமாகத் தொங்கியது.

என் அறைச் சுவரில், நான் வேலைக்கு வருவதற்கு முன்பிருந்தே தொங்கும் போஸ்டர் அது. முதலுதவிப் பத்து விதிகள். ஒவ்வொரு விதிக்கும் ஒரு படம். காலில் ரத்தம் கொட்டும் ஆள் ஏதோ விருந்துக்கு வந்தவன் மாதிரி சிரித்துக்கொண்டு படுத்திருப்பான். ஏழாவது விதி: 'இறுக்கிக் கட்டிய கட்டைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு நிமிட நேரம் தளர்த்தவும்.'

நகரத்தில் எனக்குப் பயிற்சி கொடுத்தவர்கள் முதல் நாளே சொன்ன விஷயம், அப்படித் தளர்த்தவே கூடாது என்பது. பெரிய ரத்தக்குழாய் அறுந்தவனுக்குக் கட்டுப் போட்டால் போட்டதுதான். கட்டிய நேரத்தைக் குறித்து வைத்துவிட்டு வண்டியில் ஏற்ற வேண்டும். அவிழ்ப்பது டாக்டர் வேலை. இடையில் ஒவ்வொரு முறை தளர்த்தும்போதும் அவன் உயிரில் கொஞ்சம் தரையில் ஊற்றுகிறோம். திரும்பி வந்ததும் போஸ்டரை எடுக்கச் சொல்லி எழுதினேன். பதில் வந்தது: அது ஆய்வுப் பட்டியலில் உள்ள பொருள், அகற்றினால் குறைபாடாகக் கொள்ளப்படும். சரி என்று ஏழாவது விதியின் மேல் வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டினேன். அடுத்த ஆய்வுக்கு வந்தவர் நகத்தால் சுரண்டி அதை உரித்துவிட்டுப் போனார். மேலாளர் என்னை முறைத்தார்.

வருஷத்துக்கு ஒருமுறை பாதுகாப்பு நாள் வரும். அன்று ஒப்பிக்கும் போட்டி. பத்து விதிகளையும் பிழையில்லாமல் சொல்பவருக்குப் பரிசு. போன வருஷம் ஜெயித்தது மச்சான்.

மச்சான் என்றால் என் மச்சான் இல்லை. வெட்டிய மரத்துக்குச் சங்கிலி மாட்டுகிறவன், முப்பது வயசு, பேசவே கூச்சப்படுவான். அவனுடைய அக்காவைக் கட்டியவர் அதே குழுவில் ரம்பம் பிடிப்பவர். அவர் நாள் முழுக்க "மச்சான், மச்சான்" என்று இவனைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, முகாமே அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டது. அவருக்குப் பெயர் ஸ்பீக்கர். மெஷின் ரம்பம் ஓடும்போதும் அவர் பேசுவது கேட்கும், அவ்வளவு தொண்டை. ஊசி போட வந்தால்கூட, "சிஸ்டர், வலிக்காமப் போடறதா இருந்தா போடாதீங்க, நம்பிக்கை வராது" என்பார்.

போட்டியன்று மச்சான் மேடையில் கண்ணை இறுக மூடிக்கொண்டு, கைகளைத் தொடையோடு ஒட்டி வைத்துக்கொண்டு, பத்தையும் கடகடவென்று சொல்லி முடித்தான். ஸ்பீக்கர் கீழேயிருந்து விசிலடித்தார். நடுவர்கள் மூன்று பேர். மேலாளர், ஸ்டோர்காரர், நான். ஏழாவது விதி வந்ததும் மேலாளர் பக்கம் குனிந்து, "இது தப்பு சார்" என்றேன். "ஆன்சர் ஷீட்ல என்ன இருக்கோ அதுக்குப் போடுங்க. சாப்பாடு ஆறுது" என்றார்.

போட்டேன். டிக் போட்டுக் கீழே கையெழுத்தும் போட்டேன். அவனுக்கு ஒரு ஃபிளாஸ்க் கொடுத்தார்கள், எல்லோரும் கை தட்டினோம். நானும்தான்.

விபத்து நடந்த அன்று காலை பத்தேகால் மணிக்கு வயர்லெஸ் கத்தியது. வளைந்து நின்ற கிளையை அறுக்கும்போது ரம்பம் எகிறி ஸ்பீக்கரின் தொடையில் இறங்கிவிட்டது. "ரத்தம் பீச்சி அடிக்குது சிஸ்டர்!"

"காயத்துக்கு மேல இறுக்கிக் கட்டுங்க! பெல்ட், கயிறு, எதுவா இருந்தாலும் சரி!"

"கட்டியாச்சு, கட்டியாச்சு. மச்சான் பெல்ட்டால கட்டி ஸ்பேனர வச்சு முறுக்கிட்டான். நின்னுடுச்சு!"

நின்றுவிட்டது என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. வயர்லெஸ்ஸை வைத்துவிட்டுப் பைக்காக ஓடினேன். 'அவிழ்க்காதீங்க' என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கலாம். போஸ்டர் என் தலைக்கு நேர் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்குத் தோன்றவில்லை.

மேலாளர் கீழே போயிருந்தார், சாவி அவர் பாக்கெட்டில். அந்த வேளையில்தான் கண்ணாடி உடைந்தது. கையில் இரண்டு இடத்தில் கீறல். பையை மடியில் வைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினேன். மேலே போகப் போக வயர்லெஸ் இரைச்சல்தான், குரல் கிடைக்கவில்லை. போய்ச் சேர நாற்பது நிமிஷத்துக்கு மேல் ஆனது.

ஸ்பீக்கரை மரத்தூளின் மேல் படுக்க வைத்திருந்தார்கள். அவரைச் சுற்றி மரத்தூள் முழுக்கச் சிவந்து கெட்டியாகியிருந்தது. கட்டு இறுக்கமாக இருக்கிறது, காயம் ஒன்றுதான், பிறகு இவ்வளவு ரத்தம் எங்கிருந்து வந்தது? மச்சான் ஒரு கையில் ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் ஸ்பீக்கரின் கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். உதடு எண்ணிக்கொண்டிருந்தது.

"நேரம் ஆச்சு சிஸ்டர். தளர்த்தணும். இது அஞ்சாவது."

"கைய எடு!" என்று நான் போட்ட சத்தத்தில் சுற்றி நின்றவர்கள் இரண்டு எட்டுப் பின்னால் போனார்கள். அவன் கையை எடுக்கவில்லை. எடுத்தால் கட்டு அவிழும் என்று அவனுக்குத் தெரியும். அப்படியே உறைந்து உட்கார்ந்திருந்தான். நான் பட்டையை மேலே போட்டு முறுக்கிய பிறகுதான் விட்டான்.

ஸ்பீக்கரின் முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். அந்த மனிதர் பேசுவதைக் கேட்க நான் காதை வாயருகே கொண்டுபோக வேண்டியிருந்தது. "மச்சான் கரெக்டா செய்யறான் சிஸ்டர்... நான்தான் மணி பார்த்துச் சொன்னேன்... மார்க் போடுங்க."

மருந்துத் துணியைத் திணித்தேன், சலைன் ஏற்றினேன், கம்பளியைச் சுற்றினேன், ஜீப்பில் ஏற்றிப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தேன். அவர் உடம்புக்கு வேண்டியது ரத்தம். அது மேலே மரத்தூளில் கிடந்தது. பாதி வழியில், கல் பாலம் தாண்டியதும், என் விரலுக்கு அடியில் நாடி நின்றது. அதற்குப் பிறகும் ஒன்றரை மணி நேரம் நெஞ்சை அமுக்கிக்கொண்டே போனேன். மச்சான் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான், நிறுத்த எனக்குத் தைரியமில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கட்டின் தடத்தைப் பார்த்தார். "யாரோ நல்லாத்தான் கட்டியிருக்காங்க. அவிழ்க்காம விட்டிருந்தா பிழைச்சிருப்பார்" என்றார். நான் திரும்பிப் பார்த்தேன். மச்சான் கதவோரத்தில் நின்றிருந்தான்.

அன்று மாலையே அவன் அக்காவிடம் போய், "நான்தான் மாமாவக் கொன்னுட்டேன்" என்று சொல்லியிருக்கிறான். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். அடக்கம் செய்யும்போதும் அவனைக் கிட்டே விடவில்லை. மூன்று நாளாகச் சங்கிலிகள் போட்டு வைக்கும் கொட்டகையில் கிடக்கிறான். சோறு கொண்டுபோனால் அப்படியே இருக்கிறது.

இப்போது விசாரணைக்கு வருவோம்.

கண்ணாடி விவகாரம் முடிந்ததும் பாதுகாப்பு அதிகாரி ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினார். ஏற்கெனவே அச்சடித்து வைத்திருந்தது. விசாரிப்பதற்கு முன்பே முடிவு தயார். 'உடனிருந்த உறவினரின் அறியாமையாலும் பதற்றத்தாலும் கட்டு பலமுறை தளர்த்தப்பட்டதே மரணத்துக்குக் காரணம். சம்பந்தப்பட்டவரைப் பணிநீக்கம் செய்யப் பரிந்துரைக்கப்படுகிறது.' கீழே 'மருத்துவப் பணியாளர்' என்று என் கையெழுத்துக்கு இடம்.

"யார் சார் பதறினது?" என்றேன். "பதறுனவன் பெல்ட்ட உருவி ஸ்பேனர வச்சு முறுக்குவானா? வாட்ச்ச வச்சு அறுபது எண்ணுவானா?"

"சரி, பதற்றத்த எடுத்துடலாம்" என்றார் பெருந்தன்மையாக. "அறியாமை இருக்கட்டும்."

"அறியாமையும் இல்ல சார். அவனுக்கு நல்லாத் தெரியும். நீங்க சொல்லிக்கொடுத்தீங்க, அவன் கத்துக்கிட்டான். என் ரூம் சுவத்துல ஏழாவது வரி, வந்து பாருங்க."

ஓரமாக நின்ற மேலாளர் இருமினார். நான் எழுந்து முன்னால் நடந்தேன், இரண்டு பேரும் பின்னால் வந்தார்கள். அறைக் கதவைத் திறந்தால் சுவரில் போஸ்டர் இல்லை. அது இருந்த இடம் மட்டும் வெளுப்பாக, சதுரமாக, நான்கு மூலையிலும் ஆணி ஓட்டையோடு இருந்தது. வருஷக்கணக்காகக் கெஞ்சியும் எடுக்காத போஸ்டர். பட்டியலில் உள்ள பொருள். ஒரு சாவு விழுந்ததும் கால் முளைத்துப் போய்விட்டது.

"எந்தப் போஸ்டர்?" என்றார் பாதுகாப்பு அதிகாரி.

மேலாளர் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பழசு சார், கிழிஞ்சு போச்சு" என்றார்.

மேசை இழுப்பறையைத் திறந்து பாதுகாப்பு நாள் கோப்பை எடுத்தேன். தலைமை அலுவலகம் அனுப்பிய விடைத்தாள், அவர்கள் முத்திரையோடு. அதன் மேல் குத்தி வைத்திருந்த மச்சானின் மதிப்பெண் தாள், பத்து விதிகளுக்கும் பத்து டிக். அடியில் நடுவர்களின் மூன்று கையெழுத்து.

அதை எடுக்கும்போது என் கையெழுத்தைப் பார்த்தேன். எவ்வளவு அழகாகப் போட்டிருக்கிறேன்! மூன்று நாளாக முகாமில் எல்லோரையும் மனசுக்குள் திட்டித் தீர்த்தேனே, இந்தத் தாள் இங்கே இருப்பது எனக்குத் தெரியாதா? தெரியும். முதல் நாளே எடுத்து அவன் அக்காவிடம் ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. ஏன் என்று கேட்டால், அந்த அழகான கையெழுத்துதான் காரணம். தப்பு என்று தெரிந்தவள் அந்த மேடையில் நான் ஒருத்திதான்.

பாதுகாப்பு அதிகாரி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு குரலை இறக்கினார். "சிஸ்டர், இத வெளிய எடுத்தா உங்க பேரும் வரும். மருத்துவம் படிச்சவங்க, தெரிஞ்சே மார்க் போட்டீங்கன்னு எழுத வேண்டியிருக்கும். லைசென்ஸ் வரைக்கும் போகும். யோசிங்க."

"எழுதுங்க."

"அவன் போனா இன்னொரு இடத்துல சங்கிலி மாட்டுவான். நீங்க?"

இதை அவர் அக்கறையாகத்தான் சொன்னார், அதுதான் என்னைக் கொளுத்தியது. "அவன் எங்க போனாலும் மாமாவக் கொன்னவன்னுதான் சார் போவான். அந்தப் பட்டத்த நீங்க குடுத்தீங்க, நான் சாட்சிக் கையெழுத்துப் போடணுமா? பைய பூட்டி வச்சது யாரு? பிளாஸ்திரிய உரிச்சது யாரு? படிச்சத அப்படியே செஞ்சவன் ஒருத்தன்தான் இந்த முகாம்ல. அவன வெளிய அனுப்பறீங்க!"

என் வாக்குமூலத்தை நானே கையால் எழுதினேன், கார்பன் வைத்து. பை, சாவி, மூன்று கடிதம், பிளாஸ்திரி, போஸ்டர், போட்டி. வயர்லெஸ்ஸில் நான் சொல்லாமல் விட்ட ஒரு வார்த்தை. கடைசியில், 'ஏழாவது விதி தவறு என்று தெரிந்தும் நான் மதிப்பெண் போட்டேன்.' அவர்கள் அடித்த தாளில் கையெழுத்துப் போடவில்லை. ஒரு பிரதியை வாங்கிக்கொள்ள மேலாளர் கை நீட்டவில்லை, அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். கண்ணாடி அலமாரிக்கு அதற்குள் புதுக் கண்ணாடி போட்டிருந்தார்கள். உள்ளே புதுப் பை, புது முத்திரை.

மற்ற பிரதியோடு நேரே கொட்டகைக்குப் போனேன். மச்சான் சங்கிலிக் குவியல் பக்கத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். "எழுந்திரு, அக்கா வீட்டுக்குப் போகணும்" என்றேன். "வேணாம் சிஸ்டர், என் மூஞ்சிய அவ பார்க்க வேணாம்" என்றான். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். பகல் வெளிச்சத்தில், வரிசை வீடுகளின் முன்னால், எல்லோரும் பார்க்க.

கதவைத் தட்டியதும் அவள் திறந்தாள். தம்பியைப் பார்த்ததும் சாத்தப் போனாள். நான் காலை நடுவில் வைத்தேன்.

"ரெண்டு நிமிஷம். நான் சொல்றதக் கேட்டுட்டு அப்புறம் சாத்து."

நின்றுகொண்டே படித்துக் காட்டினேன். பையைப் பற்றிக் கேட்கும்போது அவள் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. போட்டி என்று வந்ததும் அவள் திரும்பி அறைக்குள் பார்த்தாள். சுவர்த் தட்டில் அந்த ஃபிளாஸ்க் இருந்தது. தம்பி பரிசு வாங்கி அக்காவுக்குக் கொடுத்திருக்கிறான்.

"இந்த ரூம்லதான் ஒப்பிச்சான்" என்றாள் மெதுவாக. "ஒரு வாரம். நான் பேப்பரப் பிடிச்சுக்குவேன். ஏழாவது மட்டும் இவனுக்கு வராது. ஒவ்வொரு தடவையும் தளர்த்தறத விட்டுடுவான். அவருதான் தலையில ஒரு குட்டு வச்சு, 'தளர்த்துடா மச்சான், மார்க் போயிடும்'னு சொல்லுவாரு." சொல்லிவிட்டு நிறுத்தினாள். அவள் வாய் ஒரு பக்கமாகக் கோணியது.

"அங்கயும் மாமாதான் மணி பார்த்தாரு அக்கா" என்றான் அவன். மூன்று நாளில் அவன் அவளிடம் சொன்ன இரண்டாவது வாக்கியம் அதுதான். "வலிக்குது, இருந்தாலும் நேரம் ஆச்சு, தளர்த்துன்னாரு. செத்தவர் மேல எப்படிப் பழி சொல்றதுன்னு..."

அவள் அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். குரலில் அழுகை இல்லை.

"தப்புன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"எத்தன மார்க் போட்டீங்க?"

"பத்துக்குப் பத்து."

அவள் கை நீட்டித் தம்பியின் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். "சாப்டியா?" என்று அவனிடம் கேட்டது என் காதில் விழுந்தது. பிறகு என் காலைப் பார்த்தாள், எடுத்தேன். அவன் மேல் மூன்று நாள் சாத்தியிருந்த கதவை என் மேல் சாத்தினாள்.